கோப்பிக்கு எடுத்த ஊசி

நாயைச் சுமந்து வந்தது மனைவிதான். கணவன் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி, அவள் உள்ளே நுழைய வழிவிட்டு நின்றான். இருபது கிலோவுக்குக் குறையாத நாய். பூப்போட்ட போர்வையில் சுற்றியிருந்தது. போர்வை நனைந்து கனத்து, வாசலிலிருந்து மேசைவரை தரையில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டே வந்தது. அவளுடைய முழங்கைகள் நடுங்கின. கணவனின் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் ஒரு புள்ளி இரத்தம்கூட இல்லை. வலது கையில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தது.

"வணக்கம் டாக்டர். லோரி அடிச்சிருச்சு. பாவம், ரொம்பக் கஷ்டப்படுது. ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்டுருங்க."

குரல் அவ்வளவு பணிவாக இருந்தது. கோயில் கமிட்டியில் நன்றியுரை சொல்கிறவர்களின் குரல். பெயர் முகுந்தன் என்றான், மேருவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் என்றான். மனைவியின் பெயர் சந்திரகலா. நாயின் பெயரை அவன் சொல்லவில்லை. "கோப்பி," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

டாக்டர் ரிஹானா கிள்ளானில் இந்தக் கிளினிக்கைத் திறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் ரொட்டியும் தேநீரும் விற்கும் மாமாக் கடை. நாயைத் தொட்ட கையை மார்க்க முறைப்படி மண் சவர்க்காரம் போட்டு ஏழு தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். வீட்டில் அம்மா முதல் வருடம் முணுமுணுத்தார், அப்புறம் விட்டுவிட்டார். அன்று காலையில்தான் காப்பாரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கிழட்டு நாய்க்குக் கடைசி ஊசி போட்டிருந்தாள். அப்பா, அம்மா, வளர்ந்த இரண்டு பெண்கள் எல்லாரும் அதன் காதில் ஏதேதோ சொல்லி அழுதார்கள். அவளும் ஒதுங்கிப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசி போடச் சொல்லி வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். கதவைத் தாண்டுவதற்கே தயங்குவார்கள், வேறு வழியே இல்லையா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முகுந்தனுக்கு அவசரம் மட்டும்தான் இருந்தது.

"உள்ள கொண்டு வாங்க," என்றாள் ரிஹானா. "லோகா அக்கா, டிரிப் ரெடி பண்ணுங்க."

லோகேஸ்வரி கிளினிக்கின் உதவியாளர். நாற்பது தாண்டிய, தோள் அகன்ற பெண்மணி. ராட்வைலர் நாயைக்கூட ஒரே அணைப்பில் அசையாமல் பிடித்துவிடுவார். போர்வையை விலக்கியதும் அவரே ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. முன்னங்கால் முட்டிக்குக் கீழே முறிந்து தொங்கியது. முதுகில் ரோமம் பிய்ந்து, விலாவிலிருந்து இடுப்புவரை கோடு கோடாக வீங்கியிருந்தது. எல்லாக் கோடுகளும் ஒரே அகலம். கோப்பி குரைக்கவில்லை, முனகவும் இல்லை. ஒற்றைக் கண்ணால் சந்திரகலாவை மட்டும் பார்த்துக்கொண்டு, வேக வேகமாக மூச்சு விட்டது.

ரிஹானா நகங்களைப் பார்த்தாள். லோரி அடித்து இழுத்த நாய்க்கு நகம் தேய்ந்திருக்கும், ரோமத்தில் தாரும் எண்ணெய்க் கறையும் இருக்கும். கோப்பியின் நகங்கள் சுத்தமாக இருந்தன. கழுத்தில் கயிறு இறுகிய தடம் இருந்தது.

"உங்க கையில என்ன?"

"அதுவா? தூக்கும்போது வலியில கடிச்சிருச்சு, டாக்டர்."

தூக்கி வந்தது இவன் இல்லையே என்று ரிஹானா நினைத்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றபோது, பூசியிருந்த வாசனைக்கு அடியில் பீர் நெடி அடித்தது. சந்திரகலா அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றி ஷாலை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

வெளியே ஹாரன் விடாமல் அலறியது. முகுந்தன் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தான். டயர் கடைக்கு வந்த லோரி வெளியேற முடியாமல் கத்திக்கொண்டிருந்தது.

"பாஸ், உங்க காடிய எடுக்கணும் போல," என்றார் லோகேஸ்வரி.

முகுந்தன் மனைவியின் தோளைத் தொட்டான். அவள் உடம்பு முழுவதும் சுருங்கியதை ரிஹானா பார்த்தாள். "கலா, நான் காடிய வச்சிட்டு வந்துருறேன். டாக்டர தொந்தரவு பண்ணாம, பேசாம இரு. சரியா?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் ரிஹானா வலி மருந்தைப் போட்டாள். லோகேஸ்வரி நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார். திரையில் விலா எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. இரண்டு இடத்தில் புதிய முறிவு. அதைச் சுற்றி, முன்பே முறிந்து தானாகச் சேர்ந்து முடிச்சு முடிச்சாகப் போன பழைய எலும்புகள். சில நன்றாக முற்றியவை, சில சமீபத்தியவை.

"இது இன்னிக்கு நடந்தது இல்ல," என்றாள் ரிஹானா மெதுவாக. "கலா, யாரு அடிச்சது?"

சந்திரகலா கோப்பியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை வாய் திறந்ததும் பேச்சு நிற்காமல் வந்தது.

"என்னைய அடிக்க வரப்பெல்லாம் இது நடுவுல வந்து நிக்கும் டாக்டர். காலால எத்துவாரு. எந்திரிச்சு மறுபடியும் வந்து நிக்கும். இன்னிக்கு அடுப்பங்கரையில வச்சு கழுத்தப் பிடிச்சிட்டாரு. எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. இது அவரு கைய கவ்விருச்சு. விடவே இல்ல. அப்புறம்..." எச்சிலை விழுங்கினாள். "கேட்டுல கட்டிப் போட்டுட்டு, காடியிலேருந்து அந்த இரும்பு ஸ்டீரிங் லாக்க எடுத்துட்டு வந்தாரு. என்னைய நின்னு பாக்கச் சொன்னாரு. கண்ண மூடினா இன்னும் ஒன்னு விழும்னாரு. நான் கண்ண மூடல டாக்டர். ஒன்னுக்குக்கூட மூடல."

லோகேஸ்வரியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் போல. அவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார்.

சந்திரகலாவின் ஷால் நழுவியிருந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களின் அடையாளம் கருநீலமாகப் பதிந்திருந்தது.

"நீங்களே அந்த ஊசியப் போட்டுருங்க," என்றாள். "வீட்டுக்குக் கொண்டு போனா திரும்ப அடிச்சுத்தான் கொல்லுவாரு. உங்க கையில வலிக்காம போகட்டும். நான் பக்கத்துலயே இருக்கேன். அது என்னையப் பாத்துக்கிட்டே போகட்டும்."

எத்தனையோ பேர் ரிஹானாவிடம் இதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களின் நாய்களுக்குப் புற்றுநோய் இருந்தது, வயதாகியிருந்தது. இது மூன்று வயது நாய். இதயம் திடமாகத் துடித்துக்கொண்டிருந்தது. ரிஹானாவுக்குக் காதுகள் சூடேறின. வெளியே போயிருக்கும் அந்த மனிதனை அதே இரும்பால் அடிக்க வேண்டும் என்ற ஆசை கைவரைக்கும் வந்துவிட்டது. தனக்குள் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"இது பொழைக்கிற நாய், கலா. கண்ணு ஒன்னு போச்சு. காலுக்குக் கம்பி வச்சா நடக்கும். கொல்ல மாட்டேன்."

"அப்போ நான் என்னா செய்ய?"

"நீங்களும் போகாதீங்க. போலீசுக்குப் போன் பண்றேன்."

"போலீசு வந்தா அவரு சிரிச்சுப் பேசுவாரு டாக்டர். எல்லார்கிட்டயும் அப்படித்தான். எங்க அக்காவே நான்தான் வாயாடுறேன்னு சொல்லும்."

"மொதல்ல கோப்பிய பாத்துருவோம், அப்புறம் பண்றேன்," என்று ரிஹானா மருந்து அலமாரியைத் திறந்தாள். காயத்தைச் சுத்தம் செய்து தைக்க நாயை மயக்கத்தில் ஆழ்த்த வேண்டும். இரண்டு மயக்க மருந்துகளைக் கலந்து ஒரே ஊசியில் ஏற்றி, மூடியைப் போட்டுக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் முகுந்தன் திரும்பி வந்துவிட்டான். மழை பிடித்திருந்தது. தலைமுடியிலிருந்து நீர் வடிய, கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டான்.

"முடிஞ்சுதா டாக்டர்?"

"இல்ல. நான் போடமாட்டேன். நாய் இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

"என் நாயி டாக்டர். லைசென்ஸ் என் பேருல இருக்கு."

"லோரி அடிச்ச காயம் இல்ல இது."

அவன் சிரிப்பு மாறவில்லை. கண்கள் மட்டும் ரிஹானாவிடமிருந்து மனைவிக்குப் போயின, அவள் கழுத்துக்கு, நழுவிய ஷாலுக்கு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு தலையை ஆட்டிக்கொண்டான். "சரிங்க டாக்டர். உங்க இஷ்டம்லா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கதவைப் பதமாகச் சாத்திவிட்டு மழையில் இறங்கினான்.

லோகேஸ்வரி பெருமூச்சு விட்டார். "போய்ட்டான்."

"போகல," என்றாள் சந்திரகலா. "எடுத்துட்டு வரப் போயிருக்காரு."

லோகேஸ்வரி ஓடினார். முன்னறையில் ஜெய்னுதீன் மட்டும் உட்கார்ந்திருந்தார். துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர், சிறுநீரகம் கெட்ட தன் பாரசீகப் பூனைக்கு டிரிப் ஏற்ற வாரம் தவறாமல் வருகிறவர். "அங்கிள், பூனைய எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போய் பூட்டிக்குங்க. போலீசுக்கு அடிங்க. சீக்கிரம்!" என்று கத்திக்கொண்டே கதவின் தாழ்ப்பாளைப் போட்டார்.

போட்டு முடிக்கவும் கண்ணாடி வெடித்தது. ஒரே அடி. கதவு முழுவதும் சில்லு சில்லாக உள்ளே கொட்ட, மழைக்காற்றோடு முகுந்தன் வந்தான். கையில் மஞ்சள் பூச்சு உரிந்த ஸ்டீரிங் லாக். அதன் கொக்கியில் பழுப்பு ரோமம் ஒட்டியிருந்தது. லோகேஸ்வரி குறுக்கே கையை நீட்டினார். "பாஸ், வேணாம் பாஸ்" என்று ஆரம்பித்தவரை அவன் முடிக்க விடவில்லை. இரும்பு அந்தக் கையின் மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் உள்ளறையில் ரிஹானாவுக்குக் கேட்டது.

அவன் ஓடவில்லை. நடந்துதான் வந்தான். வரும் வழியில் எடை பார்க்கும் கருவியை அடித்தான், மருந்துத் தட்டை அடித்தான். பின்கட்டில் கூண்டில் இருந்த நாய்கள் ஒன்றாகக் குரைக்கத் தொடங்கின. உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்தவன் ரிஹானாவைப் பார்க்கவே இல்லை.

"நாய்க்காக என்னைய காட்டிக் கொடுக்கிறியாடி?"

இரும்பு மேசையை நோக்கி உயர்ந்தது. சந்திரகலா கோப்பியின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அடி அவள் முதுகில் விழுந்தது. அவள் கத்தவில்லை. காற்று மட்டும் வாயிலிருந்து பிதுங்கி வந்தது. இரண்டாவது அடியும் விழுந்தது. அப்போதும் அவள் நகரவில்லை. அவளுக்கு அடியில் கோப்பி உறுமியது. எழ முடியாமல், உடைந்த காலால் மேசையைப் பிராண்டியது. முகுந்தன் இரும்பைக் கீழே போட்டான். ஷாலின் இரண்டு முனைகளையும் பின்னாலிருந்து பிடித்து முறுக்கி, அவளை மேசையிலிருந்து தூக்கி எடுத்தான். அவள் கால்கள் தரையைத் தொடாமல் உதைத்துக்கொண்டன. முகம் கறுத்தது. நாக்கு வெளியே வந்தது.

ரிஹானாவின் கை பையிலிருந்த ஊசியைத் தானாகக் கண்டுபிடித்தது. மூடியைப் பல்லால் கடித்துத் துப்பினாள். நீலச் சட்டைக்கு மேலாகவே அவன் தோளில் குத்தி, கடைசிச் சொட்டுவரை அழுத்தினாள்.

அவன் ஷாலை விட்டான். சந்திரகலா மூட்டையாகச் சரிந்தாள். முகுந்தன் திரும்பி, தோளில் ஆடிக்கொண்டிருந்த ஊசியைப் பிடுங்கிப் பார்த்தான். புறங்கையால் விட்ட அறையில் ரிஹானாவின் மூக்குக்கண்ணாடி உடைந்து கன்னத்தில் கிழித்தது. அடுத்த குத்து விலாவில் விழுந்தது.

தசையில் போட்ட மருந்து உடனே வேலை செய்யாது. நாய்க்கே சில நிமிடம் ஆகும். மனிதனுக்கு எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. அதுவரை இவன் கலாவின் பக்கம் திரும்பக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"வாடா," என்றாள். வாழ்க்கையில் யாரையும் அப்படி அழைத்ததில்லை. "பொம்பளையையும் நாயையும்தானே உன்னால அடிக்க முடியும்? வாடா இங்க!"

பின்கட்டுக்கு ஓடினாள். அவன் துரத்தி வந்தான். கூண்டுகளுக்கு நடுவே குறுகலான நடை. இரண்டு பக்கமும் நாய்கள் வெறிபிடித்ததுபோல் கம்பிகளில் பாய்ந்தன. அவளுடைய தலைத்துணியைப் பற்றிப் பின்னுக்கு இழுத்து, கூண்டுக் கம்பியில் முகத்தை மோதினான். பல் ஒன்று உதட்டுக்குள் இறங்கியது. மறுபடியும் மோதினான். அவன் விரல்களைக் கடித்தாள். இரத்தம் உப்பாக வாயில் நிறைந்தது, யாருடையது என்று தெரியவில்லை. கீழே விழுந்தவளை வயிற்றில் உதைத்தான். சுருண்டு, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, அடுத்த உதைக்குக் காத்திருந்தாள்.

வந்த உதைக்கு வேகம் இல்லை. அதற்கு அடுத்தது வரவே இல்லை.

கண் திறந்தபோது அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னடி... என்ன போட்ட..." என்று ஏதோ சொன்னான். நாக்கு தடித்துப்போயிருந்தது. முட்டி மடங்கியது. ஒரு பீங்கான் தண்ணீர்க் கிண்ணத்தை நொறுக்கிக்கொண்டு முழு உடம்பும் தரையில் விழுந்தது.

ரிஹானா அவனைத் தாண்டித் தவழ்ந்து உள்ளறைக்குப் போனாள். சந்திரகலா உட்கார்ந்திருந்தாள், மூச்சு இருந்தது. லோகேஸ்வரி முறிந்த கையை வயிற்றோடு அணைத்தபடி வாசலில் சாய்ந்து, வலியில் முகம் வெளிறி நின்றார். பாத்ரூமுக்குள்ளிருந்து ஜெய்னுதீன் மலாய்மொழியில் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ரிஹானா சுவரில் சாய்ந்து, வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள்.

பிறகுதான் அந்தச் சத்தம் காதில் பட்டது. குறட்டை போல ஒன்று, நீண்ட இடைவெளி, மறுபடியும் ஒன்று. மயக்க மருந்து கொடுத்த உயிர்களின் மூச்சைக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள் அவள். அந்த இடைவெளி நீளமாகிக்கொண்டே போனது. வயிற்றில் பீர், உடம்பில் நாய் மருந்து. இன்னும் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

அவள் எழவில்லை. உடனே எழவில்லை என்பதை அவள் பிறகு யாரிடமும் மறைத்ததில்லை. நின்றால் நிற்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. அது ஒரு கணம்தானா என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

எழுந்தாள். விலா குத்தியது. பின்கட்டுக்குப் போய் அவனைப் புரட்டினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாய் முழுக்க வாந்தி. விரலை விட்டு வழித்தெடுத்தாள்.

"அக்கா, ஆக்சிஜன்! பெரிய நாய் மாஸ்க்!"

லோகேஸ்வரி ஒற்றைக் கையால் சிலிண்டரை உருட்டி வந்தார். "இவனுக்கா டாக்டர்?" என்று ஒரு தடவைதான் கேட்டார். கேட்டுக்கொண்டே வால்வைத் திருகினார். நாயின் மூக்குக்குச் செய்த நீண்ட கூம்பு அவன் முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. ரிஹானா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடிக்க, லோகேஸ்வரி குழாயோடு இணைந்த மூச்சுப் பையை அமுக்கினார். நெஞ்சு உயர்ந்தது. மறுபடியும் அமுக்கினார். உயர்ந்தது. மூன்றாவது தடவை உயரவில்லை. பை தொய்ந்து கிடந்தது.

ரிஹானா குழாயைக் கண்ணால் தொடர்ந்தாள். சந்திரகலா எழுந்து வந்து நின்றிருந்தாள். அவளுடைய வெறுங்கால் குழாயின் மேல் இருந்தது. குதிகால் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கலா, கால எடுங்க."

"விட்டுருங்க டாக்டர்." குரல் நெரிபட்ட கழுத்திலிருந்து கரகரத்து வந்தது. "நீங்க ஒன்னும் செய்ய வேணாம். சும்மா இருங்க. போதும்."

"எடுங்க கலா."

"இவன் எந்திரிச்சா நான் செத்தேன். கோப்பி செத்துச்சு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே செய்றீங்க."

அவள் அவனை 'இவன்' என்று சொல்லி ரிஹானா கேட்பது அதுதான் முதல் தடவை. மாஸ்க்குக்கு அடியில் முகம் நீலத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரி ரிஹானாவையே பார்த்தார். அவள் என்ன சொன்னாலும் கேட்கத் தயாரான பார்வை. அதுதான் ரிஹானாவைப் பயமுறுத்தியது.

"நான் போட்ட ஊசி கலா," என்றாள். "அவருக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கிறேன். நாளைக்கு இந்தக் கையாலதான் நான் கோப்பிய தொடணும். கொன்ன கையா இருக்கக் கூடாது. எடுங்கம்மா. தயவு செஞ்சு எடுங்க."

மழை ஓங்கிப் பெய்தது. நாய்கள் ஓய்ந்துவிட்டிருந்தன. சந்திரகலா காலை எடுத்தாள். எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, தரையில் கைகளை அறைந்து அறைந்து, கத்தி அழுதாள். நொறுங்கிய கிண்ணத்தின் சில்லுகள் உள்ளங்கைகளில் ஏறின. அவள் நிறுத்தவில்லை. கேட்டருகே நின்று பார்த்தபோது அழாத அழுகை அது.

பை நிரம்பியது. நெஞ்சு உயர்ந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் தானாக மூச்சுவிடத் தொடங்கியிருந்தான். வந்த மலாய் இளைஞரிடம் ரிஹானா மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னாள். அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். "நான்தான் போட்டேன்," என்றாள் மலாயில், உடைந்த பல்லோடு. பொய் சொல்லியிருக்கலாம், ஊசி தற்செயலாகக் குத்திவிட்டது என்று. அளவு தெரியாமல் ஆஸ்பத்திரியில் தடுமாறுவார்கள் என்பதால் பொய் சொல்லவில்லை. போலீஸ்காரரிடமும் அதையே சொன்னாள். அவர் மேசையைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், சந்திரகலாவின் கழுத்தைப் பார்த்தார். சிரித்துப் பேச முகுந்தனுக்கு அன்று வாயே எழவில்லை.

ரிஹானாவுக்கு இரண்டு விலா எலும்பில் விரிசல். லோகேஸ்வரிக்குக் கையில் தகடு வைத்தார்கள். காஜாங்கில் கிளினிக் வைத்திருக்கும் ரிஹானாவின் கல்லூரித் தோழன் யாசின் அன்று மாலையே வந்து கோப்பியின் கண் குழியைத் தைத்து, காலுக்குக் கம்பி வைத்தான். ரிஹானா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சுலபமாக இல்லை. மிருகத்துக்கான மருந்தை மனிதனுக்குப் போட்டதற்காக அவளைப் பலமுறை விசாரித்தார்கள். தொழில் போய்விடும் என்று அம்மா தொழுகைப் பாயிலேயே கிடந்தார். கடைசியில் உயிரைக் காக்கச் செய்த காரியம் என்று விட்டுவிட்டார்கள். முகுந்தன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான். ரிஹானா வேலைக்குத் திரும்பினாள். முதல் வாரங்களில் மயக்க மருந்துப் புட்டியைக் கையில் எடுத்து, மூடியைக்கூடத் திறக்காமல் நிற்பாள். லோகேஸ்வரி அதை வாங்கி, தானே ஊசியில் ஏற்றிக் கொடுப்பார். வாசலில் கதவு வேகமாகத் திறந்தால் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

காலுக்கு வைத்த கம்பியை எடுக்க சந்திரகலா கோப்பியைக் கொண்டு வந்தாள். பந்திங்கில் அக்கா புஷ்பவல்லி வீட்டில் இருந்தாள், அங்கேயே ஒரு பேக்கரியில் வேலை. அக்காதான் காரில் கொண்டு வந்து விட்டார். அவர் உள்ளே வராமல், தங்கையின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறவர்போல், காரிலேயே இருந்தார்.

கோப்பி வாசற்படியைத் தாண்ட மறுத்தது. கால்களை ஊன்றிக்கொண்டு நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது. ரிஹானாவைப் பார்த்ததும் பல்லைக் காட்டி உறுமியது.

"கோப்பி! டாக்டர்லா அது!" சந்திரகலாவுக்குக் கூச்சமாகிவிட்டது.

"பரவாயில்ல. இந்த எடம் அதுக்குப் பிடிக்காதுதான்." ரிஹானா மருந்துகளை எடுத்துக்கொண்டு வெளியே கடை வரிசையின் ஐந்தடி நடைபாதைக்கு வந்து, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். சந்திரகலா கோப்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஊசியை ரிஹானாவே ஏற்றினாள், தன் கையால். நாய் தூக்கத்தில் இறங்கும்வரை இருவரும் அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்தார்கள்.

"டாக்டர், உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது," என்றாள் சந்திரகலா, நிமிராமல். "அன்னிக்கு அவன் செத்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு இன்னமும் நெனைக்கிறேன். தினமும் நெனைக்கிறேன்."

ரிஹானா கோப்பியின் வயிற்றில் கை வைத்து மூச்சைப் பார்த்தாள்.

"நானும் நெனைச்சேன்," என்றாள். "அன்னிக்கு மட்டும் இல்ல."

சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தளர்ந்தது. கையை நீட்டி ரிஹானாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்து கடந்தன. உள்ளிருந்து லோகேஸ்வரி அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டார். ஒரு பெண் முயல் கூண்டோடு எழுந்து வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"தூங்கிருச்சு," என்றாள் ரிஹானா. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கோப்பியை உள்ளே தூக்கிப் போனார்கள்.